திரும்பி வந்த லொறியின் கணக்கு: தரக்குறைவுச் செலவை அளக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அரிசி ஆலை, நெசவுக்கூடம், தயிர் உற்பத்தி நிலையம், ஆடைத் தொழிற்சாலை, கூட்டுறவுச் சங்கம், அரச அலுவலகம் என ஏதோ ஓரிடத்தில் மேற்பார்வையாளராகவோ, தரக் கட்டுப்பாட்டு உத்தியோகத்தராகவோ, கணக்குப் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேர்ந்த சில வாரங்களுக்குள் “தரம் தரம் என்று பார்க்கப் போனால் செலவு கூடும்” என்ற பேச்சு உங்கள் காதில் விழும். சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சோதனைக் கருவிக்கும் பயிற்சிக்கும் கொடுக்கும் பணம் பற்றுச்சீட்டாக அவர் கண்முன் வருகிறது. தரம் குறைந்ததால் போகும் பணமோ அப்படி ஒருநாளும் வருவதில்லை. அது மேலதிக நேரக் கொடுப்பனவு, லொறிக் கூலி, மின்கட்டணம், விலைக்கழிவு, கழிவுப் பொருள் என்று வேறு பெயர்களில் வேறு பக்கங்களில் பதியப்பட்டு, சாதாரணச் செலவோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. அந்தத் தொகைகளைத் தேடியெடுத்து, ஒரே பக்கத்தில், அவற்றின் உண்மையான பெயரில் எழுதுவதுதான் தரக்குறைவுச் செலவை அளப்பது என்பதன் பொருள்.

இதற்குப் பெரிய மென்பொருளோ ஆலோசகரோ தேவையில்லை. ஒரு கொப்பியும், கணக்குப் பிரிவில் உங்களோடு ஒத்துழைக்கும் ஒருவரும், ஒரு மாதப் பொறுமையும் போதும்.

ஒரு லொறி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நான் வேலை பார்த்த ஓர் அரிசி ஆலையில், ஒரு பெரும்போக அறுவடைக் காலத்தில், 25 கிலோ மூடைகள் 100 ஏற்றிய லொறியொன்று கல்முனைப் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவரிடம் போய், மூடைகளெல்லாம் இறக்கி முடிந்த பிறகு, குறுணல், அதாவது முறிந்த அரிசி, அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்ற காரணத்தால் அன்று மாலையே திரும்பி வந்தது. மறுநாள் நான்கு பேரை வைத்து மூடைகளைப் பிரித்துச் சலித்தோம். கழிந்த குறுணலுக்கு ஈடாகக் களஞ்சியத்தில் இருந்து 12 மூடைகளைச் சேர்த்து, அதற்கடுத்த நாள் மீண்டும் அனுப்பினோம். வியாபாரி ஏற்றுக்கொண்டார். “கடைசியில் விற்றுவிட்டதுதானே, நட்டம் ஒன்றும் இல்லை” என்று ஆலையில் எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். அந்த நிம்மதி எனக்கு வரவில்லை. அன்றிரவு கொப்பியில் எழுதிப் பார்த்த கணக்கின் வடிவத்தைக் கீழே தருகிறேன். விளங்குவதற்கு இலகுவாக எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன், உங்கள் இடத்து விலைகளை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

திரும்பி வந்த நடைக்கும் மறுபடி போன நடைக்கும் லொறிக்கு 9,000 ரூபாய்ப்படி 18,000. கடையில் மீண்டும் ஏற்றியது, ஆலையில் இறக்கியது, ஆலையில் ஏற்றியது, கடையில் இறக்கியது என நான்கு முறை மூடைக்கு 30 ரூபாய்ப்படி 12,000. சலித்துப் பொதி செய்த நால்வரின் நாட்கூலி 10,000. வாய் கிழித்த 88 மூடைகளுக்குப் புதிய உரப்பை 50 ரூபாய்ப்படி 4,400. சலிக்கும் இயந்திரம் இரண்டாம் முறை ஓடிய மின்சாரம் 4,000. வியாபாரி ஒத்துக்கொண்ட அளவுக்கு மேலாக இருந்த 300 கிலோ குறுணலை, அரிசி விலையான 220 ரூபாய்க்குப் பதிலாக 130 ரூபாய்க்குக் கொடுத்ததில் 27,000. எல்லாம் சேர்த்து 75,400 ரூபாய்.

அதே லொறியில் கிலோவுக்கு 8 ரூபாய் இலாபம் என்று வைத்தால் 2,500 கிலோவுக்குக் கிடைக்க வேண்டியது 20,000 ரூபாய். அப்படியானால், அந்த ஒரு லொறி திரும்பி வந்ததால் போன பணத்தை மீட்க, ஏறத்தாழ நான்கு லொறி அரிசியை ஒரு பிழையுமில்லாமல் விற்க வேண்டும். ஆலையின் கணக்கேட்டில் இந்த 75,400 எங்குமே ஒரு தொகையாக இருக்கவில்லை. லொறிக் கூலி போக்குவரத்திலும், நாட்கூலி சம்பளத்திலும், உரப்பை பொதியிடலிலும், மின்சாரம் மின்கட்டணத்திலும் போய்ச் சேர்ந்திருந்தன. குறுணலில் போன 27,000 எந்தப் பக்கத்திலும் பதியப்படவேயில்லை, ஏனென்றால் அது கையிலிருந்து கொடுத்த பணமல்ல, கைக்கு வராமல் போன பணம்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது

இது புதிய சிந்தனை அல்ல. அமெரிக்கத் தரவியல் அறிஞர் ஜோசப் ஜுரான் 1951 இலேயே, தவிர்க்கக்கூடிய தரச் செலவுகளைச் சுரங்கத்தில் கிடக்கும் தங்கத்துக்கு ஒப்பிட்டார். தோண்டுவோருக்கு அது கிடைக்கும் என்பது அவருடைய கருத்து. இன்னொரு தரவியல் அறிஞரான ஆர்மண்ட் ஃபைகன்பாம் 1956 இல் தரம் தொடர்பான செலவுகளைத் தடுப்பு, சோதனை, தவறு என்று வகுத்துக் காட்டினார். தவறை உள்ளகம், வெளியகம் என்று இரண்டாகப் பிரித்து, நான்கு வகைகளாகப் பார்ப்பதே இன்று வழக்கம். தர ஆலோசகர் பிலிப் கிராஸ்பி 1979 இல், பணத்தைத் தின்பது தரம் அல்ல, முதற் தடவையில் சரியாகச் செய்யாமல் விடும் வேலைதான் என்று அழுத்தமாக எழுதி இந்தக் கருத்தை முகாமையாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

விற்பனையில் இத்தனை வீதம் தரக்குறைவால் போகிறது என்று வெளிநாட்டு நூல்கள் தரும் எண்கள் பல உண்டு. அவற்றை உங்கள் முதலாளியின் முன் வைக்காதீர்கள் என்பது என் அறிவுரை. வேறு நாட்டுத் தொழிற்சாலையின் வீதம் நமது ஆலைக்கு எப்படிப் பொருந்தும் என்று அவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. உங்கள் சொந்தக் கொப்பியின் 75,400 ரூபாயை அவரால் மறுக்க முடியாது.

முதற் படி: எது பிழை என்பதை எழுதி வையுங்கள்

எது சரி என்று எழுதப்படாத இடத்தில் எது தவறு என்று எண்ண முடியாது. அரிசி ஆலைக்குள் நின்று “நல்ல அரிசி எது?” என்று ஐந்து பேரிடம் கேட்டால், ஒருவர் நிறத்தைச் சொல்வார், ஒருவர் மணத்தைச் சொல்வார், ஒருவர் கல் இல்லாதது என்பார். வியாபாரி குறுணலைப் பார்ப்பார். வீட்டில் சமைப்பவர் சோறு குழைகிறதா என்று பார்ப்பார். எனவே ஈரப்பதம், குறுணலின் வீதம், கல், கறுத்த அரிசி, மூடையின் எடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் நீங்களும் வாங்குபவரும் ஒத்துக்கொண்ட எல்லையை ஒரு தாளில் எழுதுங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை நெல் கொள்வனவுக்கு ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது என்று கேட்பதைப் போல, எல்லை எண்ணாகவே இருக்க வேண்டும். சொல்லாக இருந்தால் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு பொருள் வரும்.

எண்ணால் சொல்ல முடியாத தன்மைகளுக்கு மாதிரி வையுங்கள். ஒத்துக்கொண்ட அரிசியில் இரண்டு கண்ணாடிப் போத்தல்களை நிரப்பி, மூடி ஒட்டி, திகதி எழுதி, ஒன்றை வியாபாரியிடமும் மற்றொன்றை ஆலையிலும் வைத்தால், பிறகு வரும் பாதி வாக்குவாதங்கள் அந்தப் போத்தலோடு முடிந்துவிடும். 1964 இல் தொடங்கப்பட்டு 1984 முதல் இன்றைய பெயரில் இயங்கும் இலங்கை கட்டளைகள் நிறுவனம் பல உற்பத்திகளுக்குக் கட்டளைகளை, அதாவது தர நியமங்களை, வெளியிட்டிருக்கிறது. உங்கள் பொருளுக்கு அப்படியொன்று இருந்தால் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

இரண்டாம் படி: ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு மாதம்

நிறுவனம் முழுவதையும் அளக்கத் தொடங்குபவர் மூன்றாம் வாரத்தில் களைத்துப்போவார். அதிகம் விற்கும் ஒரு வகை அரிசி, அதிகம் முறைப்பாடு வரும் ஒரு சாறன் வகை, அதிகம் திரும்பிப் போகும் ஒரு விண்ணப்பப் படிவம் என ஒன்றை மட்டும் எடுங்கள்.

மூன்றாம் படி: நான்கு பெட்டிகள்

கொப்பியின் முதற் பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்.

தடுப்புச் செலவு என்பது தவறு வராமல் இருக்க முன்கூட்டியே செய்யும் செலவு. பயிற்சி, இயந்திரப் பராமரிப்பு, உமி நீக்கும் ரப்பர் உருளையைத் தேய்வதற்கு முன் மாற்றுவது, தெளிவான படிவம் தயாரிப்பது, நல்ல நெல் தரும் விவசாயியோடு போகத்துக்கு முன்பே பேசி வைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

சோதனைச் செலவு என்பது தவறு இருக்கிறதா என்று பார்ப்பதற்கான செலவு. ஈரமானி, தராசைச் சரிபார்த்து முத்திரையிடுவித்தல், மாதிரி எடுத்துப் பார்க்கும் நேரம், ஆய்வுகூடக் கட்டணம் ஆகியவை இதில் வரும். தடுப்பையும் சோதனையையும் புதியவர்கள் பலர் ஒன்றென எண்ணிவிடுகிறார்கள். சோதனை தவறைக் கண்டுபிடிக்கும், தவறு பிறப்பதை அது நிறுத்தாது. மழை வருகிறதா என்று பார்ப்பது வேறு, களத்தில் காயும் நெல்லை மூடுவது வேறு.

உள்ளகத் தவறுச் செலவு, பொருள் உங்கள் வாசலைத் தாண்டுவதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்ட தவறால் வருவது. மறுபடி செய்யும் வேலை, கழிவு, இயந்திரம் நின்ற நேரம், உறையாத தயிர்ச் சட்டி, இரண்டாந் தரமென்று குறைந்த விலைக்குக் கொடுத்தது ஆகியவை இந்தப் பெட்டிக்குரியவை.

வெளியகத் தவறுச் செலவு, வாங்கியவரின் கையில் கண்டுபிடிக்கப்பட்ட தவறால் வருவது. திரும்பி வந்த லொறி, மாற்றிக் கொடுத்த பொருள், விலைக்கழிவு, முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லச் செலவான நேரம், எடை குறைந்த பொதிக்காகப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் நடவடிக்கைக்கு முகம்கொடுப்பது ஆகியவை இதில் சேரும்.

ஒரே தவறு எங்கே பிடிபடுகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை எப்படி ஏறுகிறது என்பதை நெசவில் நன்றாகப் பார்க்கலாம். மருதமுனை போன்ற நெசவூர்களில் அறிந்த விடயம்தான்: ஒரே நிறம் என்று வாங்கிய நூல் இரண்டு வெவ்வேறு சாயத் தொகுதிகளிலிருந்து வந்திருந்தால், நெய்து முடித்த துணியில் ஒரு பட்டை மங்கித் தெரியும். நூல் வந்த அன்றே, பழைய கட்டையும் புதிய கட்டையும் வாசலில் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போகும் நேரம் இரண்டு நிமிடம். தறியில் பாதி நெய்த பிறகு கண்டால், நெய்த நேரமும் நூலும் போகின்றன. கடையில் விரித்துக் காட்டும்போது வாடிக்கையாளர் கண்டால், சாறனும் போகிறது, கடைக்காரர் அடுத்த முறை தரும் கட்டளையும் போகிறது.

நான்காம் படி: கொப்பியைத் தவறு நடக்கும் இடத்தில் தொங்கவிடுங்கள்

இந்த வேலையில் மிக முக்கியமான படி இதுவென்று நான் கருதுகிறேன், ஏனெனில் இதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். கொப்பி அலுவலக மேசையில் இருந்தால் மாலையில் நினைவிலிருந்து எழுதுவார்கள். நினைவு பெரிய தவறுகளை மட்டும் வைத்துக்கொள்ளும். களத்தருகே, தறியருகே, கருமபீடத்தருகே ஒரு நூலில் பேனையையும் கட்டித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் திகதி, என்ன நடந்தது, எத்தனை கிலோ அல்லது எத்தனை உருப்படி, சரிசெய்ய எத்தனை பேருக்கு எவ்வளவு நேரம் போனது, அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்ற ஐந்தும் இருந்தால் போதும். ரூபாயை அங்கே எழுதச் சொல்லாதீர்கள். வேலை செய்பவருக்குக் கிலோவும் நேரமும் தெரியும், ரூபாயாக்குவது உங்கள் வேலை.

அந்த ஐந்தில் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் செய்த பிழை என்ற நிரலை ஒருபோதும் போடாதீர்கள். நாங்கள் ஆலையில் கொப்பி வைத்த முதல் வாரம் 19 வரிகள் வந்தன. அதைப் பார்த்த மேற்பார்வையாளர் ஒருவர், நல்லது செய்வதாக எண்ணி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஆட்களின் பெயரை எழுதினார். அடுத்த வாரம் கொப்பியில் இரண்டே வரிகள் இருந்தன. ஆலையில் தவறு குறையவில்லை, எழுதுவது குறைந்தது. பிரித்துச் சலிக்கும் வேலை முன்பு போலவே நடந்துகொண்டிருந்தது. அது எங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. புதிய கொப்பி வாங்கி, பெயர் எழுதுவதில்லை என்று முதலாளியே தொழிலாளர்கள் முன் நின்று சொன்ன பிறகுதான் வரிகள் மெல்ல மெல்லத் திரும்பின. அந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்ப எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. நீங்கள் அந்த மாதத்தை இழக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: ரூபாயாக்குதல்

மாத முடிவில் கணக்குப் பிரிவில் உள்ளவரோடு அமர்ந்து ஒவ்வொரு வரியையும் ரூபாயாக்குங்கள். இங்கே சில நுணுக்கங்கள் உண்டு.

இயற்கையான இழப்பையும் தரக்குறைவையும் கலக்காதீர்கள். 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமியாகப் போகும், தவிடும் போகும், எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் குறுணல் விழும். இவை தவறு அல்ல. ஒத்துக்கொண்ட எல்லைக்கு மேலே போன குறுணல் மட்டுமே உங்கள் கணக்குக்குரியது. மேலே சொன்ன லொறிக் கணக்கில் 300 கிலோவை மட்டும் எடுத்தது அதனால்தான். எல்லாக் குறுணலையும் எழுதியிருந்தால் தொகை பெரிதாகியிருக்கும், கணக்கின் மீதிருந்த நம்பிக்கை சிறிதாகியிருக்கும்.

ஒரே செலவை இரண்டு முறை எழுதாதீர்கள். கழித்த பொருளின் முழு விலையை எழுதிவிட்டு, அதைச் செய்யப் போன கூலியையும் தனியாக எழுதினால் இரட்டிப்பு வந்துவிடும்.

“சம்பளம் எப்படியும் கொடுக்கிறோம்தானே, மறுபடி செய்த நேரத்துக்கு ஏன் கணக்கு?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதில் இதுதான்: அந்த நால்வர் அன்று சலிக்காமல் இருந்திருந்தால் வேறு நெல்லைக் காயவைத்திருப்பார்கள், அறுவடைக் காலத்தில் களத்தில் வேலைக்கு ஆள் போதாமல் இருக்கும்போது அந்த நேரத்துக்கு விலை உண்டு. வேலையற்ற மாதத்தில் அதே நேரத்துக்கு அவ்வளவு விலை இல்லை என்பதையும் நேர்மையாக ஒத்துக்கொள்ளுங்கள்.

போன வாடிக்கையாளரின் பெறுமதியை ஊகித்து ரூபாய் போடாதீர்கள். திரும்பி வராதவர்களைத் தனிப் பக்கத்தில், எப்போது கடைசியாக வாங்கினார், மாதம் எத்தனை மூடை வாங்கிக்கொண்டிருந்தார் என்று மட்டும் எழுதி வையுங்கள். அந்தப் பக்கம் தானாகவே பேசும்.

ஆறாம் படி: பெரியதை முதலில் எடுத்து, ஏன் என்று கேட்டுக்கொண்டே போங்கள்

வரிகளைத் தொகையின் வரிசையில் அடுக்கினால், பெரும்பகுதிப் பணம் இரண்டு மூன்று காரணங்களில் குவிந்திருப்பதைக் காண்பீர்கள். இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோவின் பெயரால் இந்த இயல்பை அழைத்துத் தரத்துறைக்குள் கொண்டுவந்தவரும் ஜுரான்தான். அடிக்கடி நடப்பது வேறு, அதிகம் செலவு வைப்பது வேறு என்பதை மறக்காதீர்கள். எங்கள் கொப்பியில் உரப்பை கிழிந்தது அதிக வரிகளைப் பிடித்திருந்தது, பணமோ குறுணலில் போய்க்கொண்டிருந்தது.

குறுணல் ஏன் கூடியது என்று கேட்டோம். குற்றும்போது அரிசி முறிகிறது. ஏன் முறிகிறது? அவித்த நெல் காயும்போதே உள்ளே வெடிப்பு விழுந்திருக்கிறது. ஏன் வெடித்தது? சீமெந்துக் களத்தில் கடும் வெயிலில் ஒரே மூச்சில் காயவைத்திருக்கிறார்கள். அவித்த நெல்லை ஓரளவு காய்ந்ததும், ஈரப்பதம் 16 முதல் 18 வீதமளவில் இருக்கையில், குவித்து மூடிச் சில மணி நேரம் ஆறவிட்டு, மணியின் உள்ளீரம் வெளியே பரவிய பிறகு 14 வீதத்துக்குக் காயவைப்பதே முறை. ஏன் ஆறவிடவில்லை? மழை வரும் என்ற அவசரம் ஒரு காரணம். மற்றது, எப்போது நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? ஈரமானி மேசை லாச்சிக்குள் இரண்டு மாதமாக மின்கலம் செத்துக் கிடந்தது.

களத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் ஒரு மணி நெல்லை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்து நறுக்கென்று கடித்துக் காட்டி, “பல்லில கடிச்சாத் தெரியும் தம்பி, மெஷின் என்னத்துக்கு?” என்றார். அவருடைய அனுபவம் பெரியது, முற்றாய்க் காய்ந்த நெல்லை அவர் பல் பிழையாகச் சொல்லியதில்லை. நடுவழியில் நிறுத்த வேண்டிய 17 வீதத்தை மட்டும் பல்லால் கண்டுபிடிக்க முடியாது. மின்கலத்தை மாற்றி, அவரிடமே ஈரமானியைக் கொடுத்து, பல் சொல்வதையும் மானி சொல்வதையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னோம். வார முடிவில், எங்கே நிறுத்துவது என்பதை மற்றவர்களுக்குக் கற்பித்தவர் அவரே.

75,400 ரூபாய்க் கணக்கின் அடியில் கிடந்தது ஒரு மின்கலம். எல்லாக் காரணங்களும் இவ்வளவு மலிவாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் “ஆட்கள் கவனமில்லை” என்ற பதிலோடு நின்றிருந்தால் அந்த லாச்சியை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். ஒரு ஆளின் பெயரில் வந்து நிற்கும் விடையை முடிவான விடையாக எடுக்காமல், இன்னும் ஒரு தடவை ஏன் என்று கேளுங்கள்.

ஏழாம் படி: தடுப்பில் செலவிடுங்கள், பிறகு காத்திருங்கள்

தவறு கண்டதும் இன்னொரு பரிசோதகரை நியமிப்போம் என்று நிர்வாகம் சொல்லும். அல்லது நிறம் பிரிக்கும் இயந்திரம் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்பார்கள். அந்த இயந்திரம் கறுத்த அரிசியைத் திறமையாகப் பிரிக்கும். வெடித்த நெல்லை அது ஒட்டவைக்காது. பணத்தை முதலில் தவறு பிறக்கும் இடத்தில் போடுங்கள். அது வேலை செய்யத் தொடங்கும்வரை சோதனையைக் குறைக்காதீர்கள்.

பலன் தெரியக் காலம் எடுக்கும். தடுப்புச் செலவு இந்த மாதம் கணக்கில் வரும், அதனால் குறையும் தவறுச் செலவு பல வாரங்களுக்குப் பிறகே தெரியும். நமது பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு: பெரும்போகத்தைப் பெரும்போகத்தோடும் சிறுபோகத்தைச் சிறுபோகத்தோடுமே ஒப்பிடுங்கள். மாரி ஈரத்தோடு வரும் நெல்லின் கணக்கை வெயில்காலத்து நெல்லின் கணக்கோடு வைத்து, முன்னேறிவிட்டோம் என்று சொன்னால் அடுத்த மாரியில் வெட்கப்பட நேரும்.

அலுவலகங்களில் வேலை பார்ப்போருக்கு

தேசிய உற்பத்தித்திறன் செயலகத்தின் முயற்சியால் நமது பிரதேச செயலகங்கள், பாடசாலைகள், வைத்தியசாலைகள் பலவற்றில் வேலையிடத்தை ஒழுங்காக வைத்திருக்கும் ஐந்து எஸ் முறை நன்கு அறிமுகமாகியிருக்கிறது. கோப்புகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட அலுவலகத்திலும் தரக்குறைவுச் செலவு இருக்கலாம், ஏனென்றால் அங்கே அதைச் செலுத்துபவர் வேறொருவர்.

மண்டூரிலிருந்து, வாவியைக் கடக்கும் மிதவையான பாதையில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஓர் அலுவலகத்துக்குப் போகும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். படிவத்தில் சொல்லப்படாத ஒரு பிரதி இல்லையென்று அவர் திருப்பியனுப்பப்பட்டால், அன்றைய கூலி, போக்குவரத்து, பிள்ளையைப் பார்க்க ஆள் வைத்தது எல்லாம் அவருடைய தலையில் விழும். அலுவலகத்தின் கணக்கில் ஒரு சதமும் விழாது. ஆகவே அலுவலகத்தில் இருப்போர் இரண்டு நிரல்களை வைத்துக்கொள்ள வேண்டும்: திருப்பியனுப்பிய விண்ணப்பத்தை இரண்டாம் முறை பார்க்க நமக்குப் போன நிமிடங்கள் ஒன்று, மக்கள் திரும்ப வந்த நடைகள் மற்றொன்று. ஒரு மாதம் கருமபீடத்தில் நின்று, திருப்பியனுப்பும் ஒவ்வொரு தடவையும் காரணத்தை ஒரு கோடாகப் போடுங்கள். கோடுகள் எந்தக் காரணத்தில் குவிகின்றனவோ, அதைப் பெரிய எழுத்தில் படிவத்தின் முதற் பக்கத்திலும் கிராம உத்தியோகத்தரின் அறிவித்தல் பலகையிலும் எழுதுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.

எட்டாம் படி: மேலிடத்தில் சொல்லும் முறை

ஒரே தாளில் சொல்லுங்கள். நான்கு பெட்டிகளின் தொகை, மிகப் பெரிய மூன்று காரணங்கள், முதற் காரணத்துக்கு நீங்கள் கேட்கும் செலவு, அது எப்போது பலன் தரும் என்ற மதிப்பீடு ஆகியவை போதும். தொகையை அவர் தினமும் பார்க்கும் அளவுக்கு மாற்றுங்கள். “75,400 ரூபாய்” என்றபோது எங்கள் முதலாளி தலையை ஆட்டினார். “நான்கு லொறி இலாபம்” என்றபோது கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கொப்பியைக் கேட்டு வாங்கினார்.

முதல் முறை அளக்கும்போது தொகை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வரலாம். இரண்டாம் மாதம் இன்னும் கூடலாம். மறைந்திருந்தவை எழுதப்படத் தொடங்கியதால் கூடியதென்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் கொப்பி வந்த பிறகுதான் தவறு கூடியது என்ற பழி கொப்பியின் மேல் விழும். முதற் காரணத்தின் தொகை தொடர்ந்து இரண்டு மாதங்கள் குறைந்திருப்பதை உறுதிசெய்த பிறகு இரண்டாவது காரணத்தை எடுங்கள். அதுவரைக்கும் ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி ஈரமானியைப் போட்டுப் பார்த்து, அது வேலை செய்கிறது என்பதை அன்றைய முதல் வரியாகக் கொப்பியில் எழுதுங்கள்.